மண்பாண்டத்தில் ஒரு கிரயப் பத்திரம்

"இதோ, சொப்பனக்காரன் வருகிறான்." தூரத்தில் தம்பியின் தலை தெரிந்ததும் யோசேப்பின் அண்ணன்மார் சொன்ன வார்த்தை இது. சொல்லிவிட்டு அவனைப் பிடித்துத் தண்ணீரில்லாத குழியில் போட்டார்கள். பிறகு எகிப்துக்குப் போய்க்கொண்டிருந்த வியாபாரிகளிடம் இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். அண்ணன்மாரின் அரிக்கட்டுகள் தன் அரிக்கட்டை வணங்குவதாக ஒரு கனவு, சூரியனும் சந்திரனும் பதினொரு நட்சத்திரங்களும் தன்னை வணங்குவதாக இன்னொன்று. இரண்டையும் வாய் மூடாமல் வீட்டில் சொல்லித் திரிந்த பையனுக்கு அப்போது வயது 17.

விவிலியம் படித்தவர்களுக்கும், யூசுப் நபியின் வரலாறாகக் குர்ஆனில் கேட்டவர்களுக்கும் மீதிக் கதை தெரியும். அடிமை வேலை, பொய்க் குற்றச்சாட்டு, சிறை, பார்வோனின் கனவு, கடைசியில் எகிப்தின் அதிபதி. கஷ்டத்திலும் கனவைக் கைவிடாதவன் ஜெயிப்பான் என்று இந்தக் கதையை வைத்து எத்தனையோ பிரசங்கங்கள் வந்துவிட்டன. ஆனால் இந்தக் கதையை ரபிகள் என்ற யூத மத அறிஞர்கள் வாசித்த விதம் வேறு. அவர்கள் கணக்குப் போட்டார்கள்.

ரபிகளின் விவாதங்களையும் கதைகளையும் திரட்டிய பெருந்தொகுப்பு தல்மூத். அதன் பெராக்கோத் பகுதியில் ரபி லேவி சொல்கிறார்: நல்ல கனவு கண்டவன் அது பலிக்க 22 வருடம்வரை காத்திருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது இந்த 22? கனவு கண்டபோது யோசேப்புக்கு 17, பார்வோன் முன் நின்றபோது 30. அதில் 13 வருடம். பிறகு செழிப்பான ஏழு வருடம். பஞ்சம் தொடங்கி இரண்டாம் வருடத்தில்தான் தகப்பன் யாக்கோபின் குடும்பம் எகிப்துக்கு வந்து சேர்கிறது. கூட்டினால் 22.

'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லி அனுப்பாமல் வருடக் கணக்கைக் கையில் கொடுத்து அனுப்புகிற ஆறுதல் இது. முதலில் கேட்கும்போது கொஞ்சம் கொடூரமாகக்கூடத் தோன்றும். கணக்கின் உள்ளே போனால்தான் அதன் நுட்பம் புரிகிறது. முதல் 13 வருடம் அடிமைத்தனமும் சிறையும், சரி. மீதி ஒன்பது வருடம் யோசேப்பு அதிகாரத்தில் இருக்கிறான், மனைவி உண்டு, இரண்டு பிள்ளைகள் உண்டு. மூத்தவனுக்கு மனாசே என்று பெயர் வைக்கிறான். என் வருத்தத்தையும் என் தகப்பன் வீட்டையும் மறக்கும்படி தேவன் செய்தார் என்பது அந்தப் பெயருக்கு அவனே சொல்லும் விளக்கம். அதாவது அவன் மறந்துவிடத் தீர்மானித்துவிட்டான். அண்ணன்மார் தானியம் வாங்க வந்து, ஆளை அடையாளம் தெரியாமல் தரையில் விழுந்து வணங்கும்போதுதான் யோசேப்புக்குத் தன் பழைய சொப்பனங்கள் நினைவுக்கு வந்ததாக ஆதியாகமம் சொல்கிறது. கண்டவனே விட்டுவிட்ட கனவுக்கும் ரபி லேவியின் கணக்கில் வருடங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

அதே பக்கங்களில் இன்னொரு வாசகம் உண்டு. வைக்கோல் இல்லாமல் கோதுமை விளையாது, வெற்றுப் பேச்சு கலக்காத கனவும் கிடையாது. இதற்கும் யோசேப்பே சாட்சி. கனவில் சந்திரன் என்றால் தாய். ஆனால் யோசேப்பின் தாய் ராகேல் அந்தக் கனவுக்கு முன்பே பிரசவத்தில் இறந்துவிட்டாள். அவள் எழுந்துவந்து மகனை வணங்கப் போவதில்லை. ஆக, வேதத்திலேயே மிகப் பிரமாதமாகப் பலித்த கனவிலும் ஒரு பகுதி பலிக்கவே முடியாதது. காத்திரு, ஆனால் முழுசாகக் கிடைக்கும் என்று எண்ணாதே. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள்.

கனவைப் பற்றிப் பேச்செடுத்தால் தல்மூதில் வேடிக்கைக்கும் குறைவில்லை. பார் ஹெத்யா என்ற கனவுப் பலன்காரரிடம் அபாயே, ரவா என்ற இரண்டு அறிஞர்கள் போகிறார்கள். இருவரும் சொல்வது ஒரே கனவு. காசு கொடுத்த அபாயேவுக்கு நல்ல பலன், கொடுக்காத ரவாவுக்குக் கெட்ட பலன், இரண்டும் பலிக்கின்றன. ஒருநாள் பலன்காரர் கையிலிருந்து புத்தகம் நழுவி விழுகிறது. 'எல்லாக் கனவுகளும் சொல்லும் வாயின் பின்னே போகின்றன' என்று அதில் எழுதியிருப்பதை ரவா பார்த்துவிடுகிறார். என் துன்பமெல்லாம் உன் வாயால் வந்ததா என்று அவர் சபிக்கும் சாபம் சாதாரணமானதல்ல.

சொல்லும் வாய்க்கு அவ்வளவு சக்தி என்றால் அதை நல்ல விதமாகப் பயன்படுத்தவும் வழி வேண்டுமே. கெட்ட கனவு கண்டு மனம் கலங்கியவன் மூன்று பேரை அழைத்து உட்காரவைத்து, "நான் ஒரு நல்ல கனவு கண்டேன்" என்று சொல்ல வேண்டும். அவர்கள், "நல்லதுதான், நல்லதாகவே இருக்கட்டும், இரக்கமுள்ளவர் அதை நல்லதாக்கட்டும், அது நல்லதென்று வானத்திலிருந்து ஏழு முறை தீர்ப்பாகட்டும்" என்று பதில் சொல்வார்கள். இந்தச் சடங்கு இன்றைக்கும் யூத ஜெபப் புத்தகங்களில் இருக்கிறது. கவனித்தால், கனவு என்னவென்று அந்த மூவரும் கேட்பதே இல்லை. தனியாக உட்கார்ந்து தன்னைத்தானே தேற்றிக்கொள்ளவும் இதில் இடமில்லை. ஆள் வேண்டும், அதுவும் மூன்று பேர். ஆலயத்தில் ஆசாரியர்கள் ஆசீர்வதிக்கும் நேரத்தில் சொல்லிக்கொள்ள ஒரு வேண்டுதலும் உண்டு: உலகின் ஆண்டவரே, நான் உம்முடையவன், என் கனவுகள் உம்முடையவை, ஒரு கனவு கண்டேன், அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பார்க்க வேண்டும். தமிழில் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. கடவுள் நம்பிக்கை என்கிறோம், நாளை மழை வரும் என்ற நம்பிக்கை என்கிறோம். எபிரேயத்தில் இவை தனித்தனிச் சொற்கள். வரப்போவதை எதிர்நோக்கும் நம்பிக்கைக்கு 'திக்வா' என்று பெயர். இதே சொல்லுக்குக் கயிறு என்றும் பொருள் உண்டு. எரிகோ நகரத்து ராகாப் தன் வீட்டு ஜன்னலில் கட்டித் தொங்கவிட்ட சிவப்பு நூற்கயிறு மூல மொழியில் 'திக்வா'தான். கயிறு ஒரு பொருள். அதைக் கையால் கட்ட வேண்டும், கட்டியதை மற்றவர்கள் பார்க்க முடியும். யூத மரபில் நம்பிக்கை என்று வரும்போதெல்லாம் இப்படிக் கையால் தொடக்கூடிய ஏதாவது ஒன்று கூடவே வருவதைத்தான் இந்தக் கட்டுரையில் தொடர்ந்து பார்க்கப் போகிறோம்.

கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, அதன் அரசனையும் பிரபுக்களையும் கைவினைஞர்களையும் நாடு கடத்தினான். மிஞ்சியவர்கள் மத்தியில் அனனியா என்ற தீர்க்கதரிசி எழுந்து, இன்னும் இரண்டே வருடம், எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று அறிவித்தார். இன்னொரு தீர்க்கதரிசியான எரேமியா அப்போது அடிமைத்தனத்தின் அடையாளமாகக் கழுத்தில் ஒரு நுகத்தைச் சுமந்துகொண்டு திரிந்தார். எல்லாரும் பார்க்க அந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தார் அனனியா. எரேமியா சொன்ன பதில் 'ஆமென், அப்படியே ஆகட்டும்' என்று தொடங்குகிறது. எதிராளி சொல்வது நடக்க வேண்டும் என்று அவருக்கும் ஆசைதான். நடக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

பிறகு பாபிலோனில் இருந்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கும் நகரத்தின் நன்மைக்காக வேண்டிக்கொள்ளுங்கள், 70 வருடம் ஆகும். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்ற புகழ்பெற்ற வசனம் இந்தக் கடிதத்தில்தான் வருகிறது. நம்மூர்க் கிறிஸ்தவ வீடுகளில் வாக்குத்தத்த வசனமாகச் சுவரில் தொங்கும். அதற்கு முந்தைய வசனத்தையும் சேர்த்து அச்சிட்ட அட்டையை நான் பார்த்ததில்லை. எழுபது வருடம் அந்த முந்தைய வசனத்தில் இருக்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் அந்த முடிவைப் பார்த்திருக்க முடியும்?

அடுத்து நடந்தது இன்னும் விசித்திரம். கி.மு. 587 வாக்கில் எருசலேம் மறுபடி முற்றுகையில் இருக்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் கைதி. அவருடைய சித்தப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே நடந்துபோகும் தூரம். நகரத்தைச் சுற்றி எதிரிப் படை நிற்கும்போது அந்த நிலத்தில் யார் காலடி பட்டுக்கொண்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதைவிட மோசமான நில பேரம் உலகத்தில் நடந்திருக்காது. எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். பத்திரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, சாட்சி வைத்து, முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று என இரண்டையும் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, இவை அநேக நாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் திராட்சைத் தோட்டங்களும் வாங்கப்படும் என்பது காரணம்.

பத்திரப் பதிவு முடிந்த பிறகுதான் எரேமியா ஜெபிக்கிறார், அந்த ஜெபத்தில் சந்தேகம் தெரிகிறது. கொத்தளங்கள் போட்டுவிட்டார்கள், நகரம் எதிரி கைக்குப் போகிறது, நீரோ பணம் கொடுத்து நிலம் வாங்கு என்கிறீரே என்று கேட்கிறார். மனத்தில் உறுதி வந்த பிறகு வேலையைச் செய்யவில்லை, வேலையைச் செய்துவிட்டுத்தான் கேள்வி கேட்டார். சீக்கிரமே நகரமும் ஆலயமும் எரிந்தன. எரேமியாவை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த நிலத்தில் அவரோ அவர் குடும்பமோ ஒரு பிடி மண்ணாவது அள்ளினார்களா என்று விவிலியம் சொல்லவில்லை.

நாடு திரும்பியதைப் பாடும் 126ஆம் சங்கீதம், "சொப்பனம் காண்கிறவர்கள்போல் இருந்தோம்" என்கிறது. கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள் என்பதும் அதில்தான். ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் சாப்பாட்டுக்குப் பின் யூதக் குடும்பங்கள் இதைப் பாடுகின்றன. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஹோனி என்பவருக்கு இந்த வரி வாழ்நாள் முழுக்க உறுத்தலாக இருந்ததாம். எழுபது வருடம் ஒருவன் தூங்கிக் கனவு காண முடியுமா? ஒருநாள் ஒரு மனிதர் கரோப் மரக்கன்று நடுவதைப் பார்க்கிறார். காய்க்க எத்தனை வருடம் ஆகும்? எழுபது. அதுவரை நீ இருப்பாயா? நான் வந்தபோது உலகத்தில் மரங்கள் இருந்தன, என் முன்னோர் எனக்கு நட்டார்கள், நான் என் பிள்ளைகளுக்கு நடுகிறேன் என்கிறார் அவர்.

கதையை இதோடு நிறுத்திச் சொல்வதே வழக்கம். சுற்றுச்சூழல் தினக் கூட்டங்களுக்கு மிகவும் தோதான கதை. தல்மூதில் அது நிற்பதில்லை. ஹோனி அங்கேயே ரொட்டி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போகிறார், சுற்றிலும் பாறை எழும்பி அவரை மறைக்கிறது. கண் விழிக்கும்போது அந்த மரத்தில், நட்டவரின் பேரன் காய் பறித்துக்கொண்டிருக்கிறான். வீட்டுக்குப் போனால் மகன் இல்லை, பேரன்தான் இருக்கிறான், நான்தான் ஹோனி என்றால் யாரும் நம்பவில்லை. பாடசாலைக்குப் போகிறார். ஹோனியின் காலத்தில் இருந்ததுபோல இந்தப் பாடம் இன்று தெளிவாக இருக்கிறது என்று அறிஞர்கள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. நான்தான் அவர் என்கிறார். அங்கும் நம்பவில்லை. மனம் ஒடிந்து மரணத்தை வேண்டுகிறார், இறந்துபோகிறார். 'ஒன்று தோழமை, இல்லையேல் மரணம்' என்று மக்கள் சொல்லும் பழமொழி இதைத்தான் குறிக்கிறது என்று ரவா முடிக்கிறார். எழுபது வருடத்தைத் தாண்டிக் குதித்து, கனவு பலித்த நாளில் மட்டும் கண் விழித்தவனுக்கு அங்கே வாழ இடமில்லை. கெட்ட கனவுக்கு மூன்று பேரைக் கூட்டி உட்காரவைத்த அதே ஆட்களின் கதை என்பதால் இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கி.பி. 70இல் ரோமப் படை இரண்டாம் ஆலயத்தை எரித்தது. பலி கொடுக்க இடமில்லாததால் இனி இறைச்சியும் திராட்சரசமும் தொடமாட்டோம் என்று பலர் விரதம் பூண்டார்கள். ரபி யெகோசுவா அவர்களிடம் போய்ப் பேசினார். ஆலயத்தில் பணி செய்த லேவியர் குலத்தவர் அவர், இழப்பு அவருக்குச் சொந்த இழப்பு. அப்படியானால் ரொட்டியும் கூடாதே, மாவுக் காணிக்கையும் நின்றுவிட்டதே என்றார். பழம் தின்று இருப்போம் என்றார்கள். முதற்கனிகளும் நின்றுவிட்டனவே. வேறு பழங்கள் தின்போம். தண்ணீரும் குடிக்கக் கூடாதே, அதையும் பலிபீடத்தில் ஊற்றினார்களே என்றார். அவர்களிடம் பதிலில்லை. அறவே துக்கம் காக்காமல் இருக்க முடியாது, விதி வந்துவிட்டது, அளவுக்கு மீறித் துக்கம் காக்கவும் முடியாது, ஜனங்களால் தாங்க முடியாததை அவர்கள்மேல் சுமத்தக் கூடாது என்றார் அவர். முடிவு என்ன தெரியுமா? வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசலாம், வாசலுக்கு எதிரே ஒரு முழச் சதுரம் மட்டும் பூசாமல் விட வேண்டும். விருந்து சமைக்கலாம், ஒரு பதார்த்தம் குறைய வேண்டும். பெண்கள் நகை போடலாம், ஏதோ ஒன்றை மட்டும் விட வேண்டும். யூதக் கல்யாணத்தில் மணமகன் கண்ணாடிக் குவளையைக் காலால் மிதித்து உடைப்பதை எருசலேமின் நினைவோடு சேர்த்துச் சொல்வதும் இதே போக்கில் வந்ததுதான். துக்கத்துக்கு ஒரு முழம், மீதிச் சுவர் வாழ்க்கைக்கு. இவ்வளவு நடைமுறையான மத விதியை நான் அதிகம் பார்த்ததில்லை.

இடிந்த ஆலயத்தைப் பார்க்கப் போன நாலு ரபிகளின் கதையும் அந்தக் காலத்தை ஒட்டியதே. மகா பரிசுத்த ஸ்தலம் இருந்த இடத்திலிருந்து ஒரு நரி வெளியே ஓடுகிறது. மூவரும் அழ, ரபி அகிவா சிரிக்கிறார். அழிவைச் சொன்ன உரியாவின் தீர்க்கதரிசனம் இப்படி எழுத்துக்கு எழுத்து நடந்துவிட்டதென்றால், எருசலேமின் வீதிகளில் மறுபடி கிழவரும் கிழவிகளும் உட்கார்ந்திருப்பார்கள் என்ற சகரியாவின் சொல்லும் நடக்கும் என்பது அவர் வாதம். அகிவா, எங்களைத் தேற்றினாய் என்கிறார்கள் மற்றவர்கள்.

அகிவா நம்பிக்கையின் முகம் என்றே கொண்டாடப்படுகிறார். ஆனால் இதே அகிவாதான் கி.பி. 132இல் ரோமுக்கு எதிராகக் கிளம்பிய சீமோன் பார் கோசிபாவை, யூதர்கள் காத்திருந்த மீட்பரான மேசியா இவரே என்று கைகாட்டியவர். 'நட்சத்திரத்தின் மகன்' என்ற பொருளில் பார் கோக்பா என்ற பெயர் அந்தத் தலைவருக்கு நிலைத்தது. ரபி யோகனான் பென் தோர்த்தா அப்போதே எச்சரித்தார்: அகிவா, உன் தாடையில் புல் முளைக்கும், தாவீதின் குமாரனான மேசியா அப்போதும் வந்திருக்கமாட்டான். மூன்று வருடத்தில் கலகம் நசுக்கப்பட்டது. 985 கிராமங்கள் அழிந்ததாக ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதினார். அகிவாவையும் ரோமர்கள் சித்திரவதை செய்து கொன்றதாக மரபு சொல்கிறது. நரியைப் பார்த்துச் சிரித்ததும் கலகத்தை ஆசீர்வதித்ததும் ஒரே மனம்தான். தல்மூத் மரபு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாதுகாத்திருக்கிறது, பென் தோர்த்தாவின் கேலியையும் வெட்டாமல்.

அந்தக் கலகத்தின் முடிவில் சாக்கடலுக்கு மேற்கே உள்ள ஒரு குகைக்குத் தப்பி ஓடியவர்களில் பாபாதா என்ற பெண்ணும் ஒருத்தி. 1961இல் தொல்லியலாளர் யிகாயேல் யாதினின் குழு அவளுடைய தோல் பையைக் கண்டெடுத்தது. உள்ளே 35 ஆவணங்கள். பேரீச்சந்தோப்புகளின் பத்திரங்கள், கல்யாண ஒப்பந்தம், மகனின் பராமரிப்பு வழக்கு என்று கிரேக்கத்திலும் அரமேயத்திலும் நபாத்தேயத்திலும் எழுதி, சுருட்டி, ஒழுங்காகக் கட்டி வைத்திருந்தாள். சிலவற்றில், எரேமியா செய்ததைப் போலவே, ஒரே தாளில் கட்டி மூடிய பிரதியும் திறந்த பிரதியும் இருந்தன. அதே குகையில் வீட்டுச் சாவிகளும் கிடைத்தன. திரும்பிப் போவோம் என்று எண்ணாதவர்கள் சாவியைக் கொண்டுபோவதில்லை. பையை எடுக்க பாபாதா வரவில்லை.

இப்படி அடிபட்ட பிறகுதான் 'முடிவுக் காலத்தைக் கணக்கிடுகிறவர்களின் எலும்பு உளுத்துப்போகட்டும்' என்ற கடுமையான வாசகத்தின் அருமை புரிகிறது. அதற்குத் தல்மூத் சொல்லும் காரணம் கச்சிதமானது. குறித்த தேதி வந்து மேசியா வராவிட்டால், இனி வரவே மாட்டார் என்று ஜனங்கள் முடிவு கட்டிவிடுவார்கள். ஆகவே தேதி குறிக்காதே. ஆனால் காத்திருப்பதையும் விடாதே, தாமதித்தாலும் காத்திரு என்று ஆபகூக்கின் வசனத்தைத் துணைக்கு இழுக்கிறது. தனி மனிதனின் நல்ல கனவுக்கு 22 வருடம் என்று கணக்குச் சொன்னவர்கள், சமூகத்தின் பெரிய கனவுக்குக் கணக்கே கூடாது என்கிறார்கள்.

தடை போட்டதால் கணக்கு நின்றுவிடவில்லை. 1665இல் சபத்தாய் செவி என்பவரை மேசியா என்று காசா நகரத்து நாத்தான் அறிவித்தபோது, யேமன் முதல் ஆம்ஸ்டர்டாம் வரை யூதர்கள் மூட்டை கட்டினார்கள். ஹாம்பர்கில் வாழ்ந்த கிளிக்கல் என்ற வணிகக் குடும்பப் பெண் தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு காட்சியை விட்டுப்போயிருக்கிறாள். அவளுடைய மாமனார் பட்டாணி, அவரை, உலர்ந்த இறைச்சி, துணிமணி எல்லாம் அடைத்த பீப்பாய்களை ஹாம்பர்குக்கு அனுப்பிவைக்கிறார். அழைப்பு வந்ததும் புனித நாட்டுக்குக் கப்பல் ஏற வேண்டுமே. ஒரு வருடத்துக்கு மேல் பீப்பாய்கள் அவள் வீட்டில் கிடந்தன. இறைச்சி கெட்டுவிடும், திறந்து எடுத்துவிடுங்கள் என்று கடைசியில் எழுதினார்கள். 1666 செப்டம்பரில் துருக்கி சுல்தான் முன்னிலையில் சபத்தாய் செவி தலைப்பாகை கட்டி இஸ்லாத்துக்கு மாறியிருந்தார்.

மறுமையில் மனிதனிடம் கேட்கப்படும் கேள்விகள் என்று ரவா ஒரு வரிசை தருகிறார். 'மீட்புக்காகக் காத்திருந்தாயா' என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் முதல் கேள்வி, 'கொடுக்கல் வாங்கலில் நேர்மையாக இருந்தாயா' என்பது. வேதம் படிக்க நேரம் ஒதுக்கினாயா என்பதும் பிள்ளை பெற்றாயா என்பதும் அடுத்து வருகின்றன. மீட்பு அதற்கும் பிறகுதான். ரபி யோகனான் பென் சக்காய் சொன்னதாக வருவதும் இதே ரகம்: கையில் கன்றை வைத்திருக்கும்போது மேசியா வந்துவிட்டார் என்றால், முதலில் கன்றை நடு, பிறகு போய் வரவேற்றுக்கொள்.

இந்த நம்பிக்கை அரசியலானதையும் சொல்லாமல் போக முடியாது. "எங்கள் எலும்புகள் உலர்ந்துபோயிற்று, எங்கள் நம்பிக்கை அற்றுப்போயிற்று" என்று எசேக்கியேல் புத்தகத்தில் ஜனங்கள் புலம்புகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் நப்தலி ஹெர்ட்ஸ் இம்பர் எழுதிய கவிதை, எங்கள் திக்வா இன்னும் அற்றுப்போகவில்லை என்று அதற்குப் பதில் சொன்னது. அதுதான் இன்றைய இஸ்ரேலின் தேசிய கீதம். தலைமுறை தலைமுறையாகத் தேதி குறிக்க மறுத்த காத்திருப்புக்கு 1948இல் தேதியும் படையும் எல்லையும் வந்தன. அதே வருடம் வீடிழந்த பாலஸ்தீனக் குடும்பங்கள் பல, தங்கள் பழைய வீட்டுச் சாவிகளை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கின்றன. பாபாதாவின் குகையைப் பற்றிப் படித்த எனக்கு அந்தச் சாவிகளைப் பார்க்காததுபோல இருக்க முடியவில்லை.

கடைசியாக, போலந்தின் வார்சா. உக்ரைனின் பிராட்ஸ்லாவைச் சேர்ந்த ரபி நாக்மான் 1810இல், 38 வயதில், காசநோயால் இறந்தவர். கைக்குழந்தையாக இருந்த மகனைப் பறிகொடுத்தவர், மனச்சோர்வோடு ஓயாமல் போராடியவர். உலகத்தில் மனமுறிவு என்பதே கிடையாது என்ற வாசகம் அவருடையது. சுகவாசி ஒருவர் சொல்லியிருந்தால் அதை நான் நம்பியிருக்கமாட்டேன். 1941இல், நாஜி ஜெர்மானியர் யூதர்களை மதில் எழுப்பி அடைத்துவைத்த வார்சா கெட்டோவில், அவருடைய வழியினர் கூடிய ஜெப வீட்டில் 'யூதர்களே, மனமுடைந்து போகாதீர்கள்' என்று பெரிய பலகை மாட்டியிருந்தது. இதைக் குறித்துவைத்தவர் இமானுவேல் ரிங்கெல்பிளம் என்ற வரலாற்றாசிரியர். அவர் இடதுசாரி, பக்திமான் அல்ல.

கெட்டோவின் வாழ்க்கையை எழுதிவைக்க ரிங்கெல்பிளம் சுமார் 60 பேர் கொண்ட ரகசியக் குழுவைக் கூட்டியிருந்தார். சனிக்கிழமைகளில் கூடியதால் 'ஓனெக் ஷப்பாத்', ஓய்வுநாளின் களிப்பு, என்று பெயர். ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய் உறை, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, நாடகச் சுவரொட்டி, படுகொலைச் சாட்சியம் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். 1942 ஜூலை முதல் செப்டம்பர் வரை 2,50,000க்கும் மேற்பட்டோர் திரெப்ளிங்கா கொலைக் களத்துக்கு ரயிலேற்றப்பட்டார்கள். அந்த நாட்களின் நடுவில், ஆகஸ்ட் தொடக்கத்தில், ஆவணங்களின் முதல் பகுதி பத்துத் தகரப் பெட்டிகளில் நோவோலிப்கி தெரு 68ஆம் எண் கட்டடத்தின் அடியில் புதைக்கப்பட்டது. புதைத்தவர்களில் ஒருவருக்கு வயது 19.

அதே கெட்டோவில் பியாசெச்னோவின் ரபி கலோனிமுஸ் கல்மான் ஷபிரா 1939 முதல் வாராவாரம் பிரசங்கம் செய்து எழுதியும் வைத்தார். போரின் முதல் மாதத்திலேயே குண்டுவீச்சில் மகனையும் மருமகளையும் இழந்தவர். முன்பும் நம் முன்னோர் இப்படித் துன்பப்பட்டிருக்கிறார்கள், தாங்கிக்கொள்ளலாம் என்று 1941இல் ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். 1942இன் இறுதியில் அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போய் ஒரு குறிப்புச் சேர்த்தார். அது இந்த வருட நடுவரைக்கும்தான் பொருந்தும், அதற்குப் பின் நடந்தவற்றுக்கு உலகம் தோன்றியதிலிருந்து ஈடே இல்லை என்று எழுதினார். ஆறுதல் சொல்வதே தொழிலான மனிதர் தன் ஆறுதலைத் தன் கையாலேயே அடித்துத் திருத்திய இடம் அது. 1943 ஜனவரியில் கையெழுத்துப் பிரதிகளோடு ஒரு கடிதம் வைத்தார். இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், தெல் அவீவில் இருக்கும் என் தம்பிக்கு அனுப்பிவைக்கவும். அந்த நவம்பரில் அவர் கொல்லப்பட்டார். பிரதிகள் நிலத்தடியிலிருந்து வெளிவந்து 1960இல் இஸ்ரேலில் புத்தகமாயின.

ஓனெக் ஷப்பாத் குழுவில் போருக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் மூன்றே பேர். ரிங்கெல்பிளம் 1944 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார். பிழைத்தவர்களில் ஒருவருக்குப் புதைத்த இடம் தெரிந்திருந்தது. 1946 செப்டம்பரில் இடிபாடுகளைத் தோண்டிப் பத்துப் பெட்டிகளையும் எடுத்தார்கள். சரியாக மூடப்படாததால் தண்ணீர் இறங்கித் தாள்கள் ஊறிப்போயிருந்தன. 1943 பிப்ரவரியில் புதைத்த இரண்டாம் பகுதி, இரண்டு பால் கேன்களில், 1950 டிசம்பரில் கிடைத்தது. கேன்கள் நன்றாகத் தாங்கியிருந்தன. மொத்தம் சுமார் 35,000 பக்கங்கள். மூன்றாவதாக ஒரு பகுதியும் புதைக்கப்பட்டது. அது இருந்ததாகக் கருதப்படும் இடத்தில் இப்போது வார்சாவின் சீனத் தூதரகம் இருக்கிறது. தோட்டத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். இன்னும் கிடைக்கவில்லை.